நெல் எடை மென்பொருளில் பட்டன்களை எப்படி அழகாக்குவது?

திருத்துறைப்பூண்டி பக்கம் மாமாவின் அரிசி மில்லுக்கு எடைமேடை மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது இது. மொழி விபி டாட்நெட், திரைகளைக் கட்டுவது அதோடு வரும் வின்ஃபார்ம்ஸ் கருவியில். ‘எடை பதி’ பட்டனுக்குப் பச்சையும் ‘ரத்து’ பட்டனுக்குச் சிவப்பும் கொடுத்தால் பட்டனுக்குள் இன்னொரு பட்டனை ஒட்டவைத்தது போல் தெரிகிறது. மவுஸைக் கொண்டுபோனால் நிறம் மாறுவதில்லை. பட்டனை முடக்கினால் எழுத்து மங்கிப்போய் வாசிக்க முடியவில்லை. முனைகளை மொபைலில் உள்ளது போல வளைக்கவும் வேண்டுமாம். இவ்வளவும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘மாமா அடிக்கடி தப்பான பட்டனை அமுக்கிவிடுகிறார், அதற்காகத்தான் கலர்.’ நான் அந்தக் கடைசி வரியைத்தான் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அழகு பற்றிய நான்குக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அந்த நான்கையும் சரிசெய்த பிறகும் மாமா தப்பான பட்டனையே அமுக்கிக்கொண்டிருக்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. கும்பகோணத்தில் இருந்துகொண்டு உரக்கடை, பாத்திரக்கடை, நெல் மண்டி என்று இருபது வருஷத்துக்கும் மேலாக டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறேன். விபி டாட்நெட்டுக்கு முந்திய விபி 6 காலத்தில் தொடங்கியவன். மேக் கணினிக்கு எழுதிப் பிழைத்ததில்லை, அதனால் சொல்வதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸை வைத்துத்தான். பிராப்பர்ட்டி (பட்டனின் நிறம், அளவு போன்ற பண்பு) பெயர்களை உச்சரிப்பில் எழுதுகிறேன், நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் பார்த்ததும் பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த ‘பட்டனுக்குள் பட்டன்’. ஃபார்மில், அதாவது மென்பொருளின் திரையில், நீங்கள் இழுத்துவைக்கும் பட்டனின் தோற்றம் உங்களுடையது அல்ல, விண்டோஸுடையது. 2001ல் எக்ஸ்பி வந்ததிலிருந்து பட்டனின் ஓரம், நிழல், மவுஸ் மேலே வந்தால் ஏற்படும் மினுக்கம் எல்லாம் விண்டோஸின் தீமிலிருந்து வருகின்றன. பேக்கலர் (பின்னணி நிறம்) கொடுத்த உடனே, விண்டோஸின் நிறத்தையே வைத்துக்கொள் என்று சொல்லும் யூஸ்விஷுவல்ஸ்டைல்பேக்கலர் என்ற பிராப்பர்ட்டி தானாக ஃபால்ஸ் ஆகிவிடும். ஆனால் ஃபிளாட்ஸ்டைல் இன்னும் ஸ்டாண்டர்ட் என்றே இருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது என்றால், விண்டோஸ் தன் பட்டனை வழக்கம்போல் வரைகிறது, அதன் நடுவில் உங்கள் பச்சையைக் கொண்டு ஒரு கட்டம் நிரப்பப்படுகிறது. ஓரத்தில் சில பிக்சல் மட்டும் தீம் மிச்சம் இருக்கும். மவுஸ் மேலே வரும்போது நிறம் மாறத்தான் செய்கிறது, ஆனால் அது உங்கள் பச்சைக்கு அடியில் நடக்கிறது. ஓரத்தை உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஃபிளாட்ஸ்டைலை ஃபிளாட் என்று மாற்றினால் இது தீர்ந்துவிடும். ஃபிளாட்அப்பியரன்ஸ் என்பதை விரித்தால் மவுஸ்ஓவர்பேக்கலர், மவுஸ்டவுன்பேக்கலர், பார்டர்கலர், பார்டர்சைஸ் நான்கும் கிடைக்கும். முதல் இரண்டையும் காலியாக விட்டால் வின்ஃபார்ம்ஸ் தானே ஏதோ ஒரு நிறத்தைக் கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளும், அது பல நேரம் கண்ணுக்கு ஒட்டாது. நீங்களே கொடுங்கள்: மவுஸ் மேலே வந்தால் கொஞ்சம் அடர்த்தி, அமுக்கினால் இன்னும் கொஞ்சம். பார்டர்கலருக்கு டிரான்ஸ்பரன்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், பிழை வந்து நின்றுவிடும். ஓரம் வேண்டாம் என்றால் பார்டர்சைஸைப் பூஜ்யமாக்குங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுச் சொந்தமாகப் போர் போட்டுக்கொள்வது போன்றதுதான் பட்டனின் நிறத்தை நம் கைக்கு எடுத்துக்கொள்வதும். நினைத்த நேரத்தில் தண்ணீர் இறைக்கலாம், ஆனால் மோட்டார் எரிந்தால் நம் தலையில்தான் விடியும். விண்டோஸ் வரைந்தபோது சும்மா கிடைத்துக்கொண்டிருந்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பட்டன் சும்மா இருக்கும் நிலை, மவுஸ் மேலே நிற்கும் நிலை, அமுக்கிய நிலை, கீபோர்டின் கவனம் அதன்மேல் இருக்கும் நிலை, முடங்கிய நிலை, அப்புறம் என்டர் தட்டினால் இதுதான் வேலைசெய்யும் என்று தடித்த ஓரத்தோடு காட்டும் நிலை. நீங்கள் பச்சை கொடுத்தது முதலாவதற்கு மட்டும். மீதி ஐந்தும் இப்போது உங்கள் பொறுப்பு.

இது வின்ஃபார்ம்ஸின் கோளாறு மட்டும் அல்ல, திரை கட்டும் மற்ற கருவிகளிலும் இப்படித்தான். விபி 6ல் பட்டனின் ஸ்டைலை கிராஃபிக்கல் என்று மாற்றினால்தான் பேக்கலரே எடுபடும். எழுத்துக்கு நிறம் கொடுக்கும் ஃபோர்கலர் அந்தப் பட்டனுக்கு இல்லவே இல்லை. டபிள்யூபிஎஃப்பில் மவுஸ் மேலே வந்தால் ஆரஞ்சு என்று ஸ்டைலில் டிரிகர் (இது நடந்தால் அதைச் செய் என்ற விதி) எழுதுவீர்கள், ஓடவிட்டால் வெளிர்நீலம்தான் வரும், ஏனென்றால் பட்டனின் தோற்றத்தை வரையறுக்கும் உள் டெம்ப்ளேட்டிலேயே ஒரு டிரிகர் இருக்கிறது, ஜெயிப்பது அதுதான். டெம்ப்ளேட்டையே மாற்றி எழுதினால்தான் வழி. பைத்தானின் டிகே பக்கம் போனால், டிடிகே பட்டனுக்கு விண்டோஸின் இயல்பான தீமில் பேக்கிரவுண்ட் கொடுத்தால் கண்டுகொள்ளாது, ‘கிளாம்’ தீமுக்கு மாறினால் எடுத்துக்கொள்ளும். க்யூட்டியில் ஸ்டைல்ஷீட்டில் பின்னணி நிறம் மட்டும் கொடுத்துவிட்டு பார்டர் எழுதாமல் விட்டால், இயல்பான ஓரம் உங்கள் நிறத்தை முழுதாக மூடிவிடலாம், அவர்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஜிடிகேயின் அத்வைதா தீமில் பேக்கிரவுண்ட்இமேஜை ‘நன்’ என்று போட்டால்தான் நிறம் வெளியே தெரியும். பெயர்கள்தான் வேறு, கதை ஒன்று.

அடுத்தது முடங்கிய பட்டனின் எழுத்து. பட்டனை முடக்க எனேபிள்டு பிராப்பர்ட்டியை ஃபால்ஸ் ஆக்கியதும் வின்ஃபார்ம்ஸ் உங்கள் ஃபோர்கலரைக் கண்டுகொள்ளாது, தானாக ஒரு சாம்பல் நிறத்தில் எழுதும். சாம்பல் பின்னணியில் அது ‘இப்போது அமுக்க முடியாது’ என்று அழகாகச் சொல்லும். உங்கள் பச்சையின் மேல் அழுக்குப் படிந்தது போல் இருக்கும். எளிய வழி, எனேபிள்டுசேஞ்ச்டு நிகழ்வில் பேக்கலரையே வெளிர்சாம்பலாக்கி, இயக்கும்போது பச்சையைத் திருப்பிக் கொடுப்பது. நான்கைந்து வரி. பட்டன்கள் நிறைய இருந்தால் பட்டனிலிருந்து ஒரு புது கிளாஸ் எழுதி அதற்குள் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு ஃபார்மிலும் திரும்ப எழுத வேண்டாம்.

முனை வளைப்பு பற்றி. யூடியூபில் பார்த்துவிட்டு எல்லாரும் செய்வது, கிராஃபிக்ஸ்பாத்தில் வளைவு வரைந்து அதைப் பட்டனின் ரீஜியனாக (திரையில் தெரியும் பகுதியாக) கொடுப்பது. வேலை செய்யும். ஆனால் ரீஜியன் ஒவ்வொரு பிக்சலையும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று வெட்டும், பாதி நிறம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் வளைவு ரம்பப் பல் மாதிரி இருக்கும். சரியான வழி, பட்டனை வரையும் ஆன்பெயின்ட்டை நீங்களே எழுதுவது. முதலில் பின்னால் இருக்கும் பேனலின் நிறத்தால் முழுக் கட்டத்தையும் நிரப்புங்கள், ஓரம் மழமழப்பாக வர ஸ்மூத்திங்மோடை ஆன்டிஅலையஸ் ஆக்குங்கள், வளைந்த பாத்தை நிரப்புங்கள், கடைசியாக டெக்ஸ்ட்ரெண்டரர் கொண்டு எழுத்தை வரையுங்கள். எழுத்து வரையும் இன்னொரு வழியான டிராஸ்ட்ரிங் வேண்டாம், ஏனென்றால் சாதாரண பட்டனே டெக்ஸ்ட்ரெண்டரர் வழியாகத்தான் எழுதுகிறது. அதையே பயன்படுத்தினால் பக்கத்தில் இருக்கும் லேபிள்களோடு எழுத்து ஒத்துப்போகும். மவுஸ் உள்ளே வந்தது, போனது, அமுக்கியது ஆகியவற்றை நீங்களே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் பட்டன் அமுங்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள். இவ்வளவும் மெனக்கெட்டுச் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டால், ஒரு மில்லின் எடை அறைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது என் ரசனை.

தமிழ் எழுத்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலப் பாடங்களில் இது வராது. வின்ஃபார்ம்ஸ் பட்டனின் இயல்பான அளவு 75க்கு 23 பிக்சல். ‘ஓகே’, ‘கேன்சல்’ போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு வெட்டிய சட்டை அது. ‘எடையைப் பதிவு செய்’ என்று போட்டால் அகலம் போதாது. எழுத்துருவைப் பெரிதாக்கினால் மேலே ‘ி’, ‘ீ’ கொக்கிகளும் கீழே ‘ு’, ‘ூ’ வால்களும் வெட்டுப்படும். எழுத்துக்கு ஏற்பப் பட்டன் விரியும்படி ஆட்டோசைஸை ட்ரூ ஆக்கி, எழுத்தைச் சுற்றிய இடைவெளியான பேடிங்கில் மேலும் கீழும் ஆறு பிக்சல், பக்கவாட்டில் பன்னிரண்டு கொடுத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ போதும், விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. மில்லில் விண்டோஸ் 7 ஓடினால் லதா இருக்கும், அதில் அகலம் வேறு மாதிரி வரும், அந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்னக் கதை. மன்னார்குடியில் ஒரு கடையில் ‘நீக்கு’, ‘சேமி’, ‘அச்சிடு’ என்று போட்டுக் கொடுத்திருந்தேன். கணக்குப்பிள்ளை அறுபது வயதுக்காரர். ‘என்னங்க, மிஷின் என்னை ஏக வசனத்துல அதட்டுது’ என்றார். நாம்தான் மிஷினுக்குக் கட்டளையிடுகிறோம், மிஷின் நமக்கு அல்ல என்று விளக்கிப் பார்த்தேன், மனிதர் சமாதானமாகவில்லை. ‘நீக்க’, ‘சேமிக்க’, ‘அச்சிட’ என்று மாற்றியதும் பிரச்சினை முடிந்தது. ஓர் எழுத்துக் கூட வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது மாமாவிடம் வருவோம். அவர் ஏன் தப்பாக அமுக்குகிறார் என்பது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் எனக்குத் தெரிய வழியில்லை. சொல்லப்போவது ஊகம், ஆனால் இருபது எடை அறைகளைப் பார்த்த ஊகம். தெற்குப் பார்த்த ஜன்னல், மதியம் வெயில் நேராகத் திரையில் விழும். அதன்மேல் உமித்தூசி ஒரு படலம். லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி ‘அண்ணே, சீக்கிரம்’ என்பார். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரையில் எடை நின்றதா என்று எண்ணைப் பார்ப்பாரே தவிர பட்டனைப் பார்க்க மாட்டார். கை பழகின இடத்துக்குப் போகும். அங்கே ‘எடை பதி’யும் ‘ரத்து’ம் ஒட்டி ஒட்டி இருந்தால், என்ன நிறம் கொடுத்தும் பயனில்லை.

நிறத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். இணைய அணுகல் தரமான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 கேட்கிறது. டெஸ்க்டாப்புக்கும் அதையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0, 128, 0 என்ற அடர் பச்சையில் வெள்ளை எழுத்து சுமார் 5.1 வரும், தேறிவிடும். 0, 255, 0 என்ற பளீர்ப் பச்சையில் அதே வெள்ளை வெறும் 1.4. முழுச் சிவப்பில் 4.0, மயிரிழையில் போச்சு, சிவப்பைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். ஆரஞ்சில் 2கூடத் தேறாது, அங்கே கறுப்பு எழுத்துத்தான். இன்னொரு கணக்கு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த அடர் பச்சைக்கும் முழுச் சிவப்புக்கும் இடையே உள்ள விகிதம் 1.3தான். அதாவது நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டு பட்டனும் ஏறக்குறைய ஒரே சாம்பல். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் பெண்களைவிட ஆண்களிடம்தான் அதிகம், பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மாமாவுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் 10, 11ல் அமைப்புகளில் கலர் ஃபில்டரை கிரேஸ்கேலில் வைத்து உங்கள் ஃபார்மை ஒருமுறை பாருங்கள். அப்போதும் எது எது என்று தெரிய வேண்டும்.

என் யோசனை: இரண்டு பட்டனுக்கும் நிரந்தரமாக நிறம் கொடுக்காதீர்கள். எடைமேடையில் எந்த நேரத்திலும் அடுத்து அமுக்க வேண்டியது ஒன்றுதான். நெல் வண்டி உள்ளே வரும்போது சுமை எடை, இறக்கிவிட்டு வரும்போது காலி எடை. அந்த நேரத்துக்கு உரிய பட்டனை மட்டும் அடர் பச்சையில் நிரப்புங்கள், மற்றவை வெள்ளையில் சாம்பல் ஓரத்தோடு அமைதியாக இருக்கட்டும். ‘ரத்து’க்கு நிரப்பிய சிவப்பு வேண்டாம், சிவப்பு எழுத்தும் ஓரமும் போதும். பளிச்சென்று சிவப்பாக இருப்பது அவசரத்தில் இருக்கும் கையை விலக்குவதைவிட இழுக்கத்தான் செய்கிறது, இது என் அனுபவம், ஆராய்ச்சி முடிவு என்று சொல்லமாட்டேன். ‘ரத்து’ பட்டனை எதிர்ப்பக்க மூலைக்குத் தள்ளிவிடுங்கள். அமுக்கினால் ‘உறுதியா?’ என்று கேட்கும் பெட்டியில் இயல்பான பட்டனாக ‘இல்லை’யை வையுங்கள், மெசேஜ்பாக்ஸில் பட்டன்2 என்று கொடுத்தால் போதும். என்டரைத் தட்டிக்கொண்டே போகும் கைக்கு அதுதான் காவல்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள், ஏனென்றால் அதை நான் செய்திருக்கிறேன். கீபோர்டின் கவனம் இருக்கும் பட்டனைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு வருமே, அது அழகைக் கெடுக்கிறது என்று அதைக் காட்டும் ஷோஃபோகஸ்கியூஸை ஓவர்ரைடு செய்து (மாற்றி எழுதி) ஃபால்ஸ் திருப்பினேன். அது ஓர் உரக்கடை. காசாளர் மவுஸையே தொடமாட்டார், டேப் கீயை எண்ணி எண்ணித் தட்டி வேலைசெய்வார். குறுவைக்கு உரம் வாங்கக் கூட்டம் நின்ற ஒரு காலையில் டேப் ஒன்று கூடுதலாகப் பட்டுவிட்டது. கவனம் ‘பில் போட’விலிருந்து ‘அழிக்க’வுக்கு நகர்ந்தது. கோடு இல்லையே, எப்படித் தெரியும்? என்டர் தட்டினார், பதினெட்டு வரி பில் போய்விட்டது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றிருந்தவன் நான்தான். அன்றைக்குச் சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டு, கவனம் இருக்கும் பட்டனுக்கு இரண்டு பிக்சல் கறுப்பு ஓரம் போட்டேன். நீங்கள் ஆன்பெயின்ட் எழுதினால் ஃபோகஸ்டு ட்ரூவாக இருக்கும்போது அப்படி ஓர் ஓரம் வரையுங்கள். அதோடு கீபோர்டில் தட்டுவது முதலில் ஃபார்முக்கே வரும்படி அதன் கீபிரிவ்யூவை ட்ரூ ஆக்கி, சுமை எடைக்கு எஃப்2, காலி எடைக்கு எஃப்3 என்று கொடுத்து, பட்டனின் மேலேயே அதை எழுதிவிடுங்கள். மாமா ஒரு வாரத்தில் மவுஸை ஓரம்கட்டிவிட வாய்ப்பு அதிகம்.

ஃபார்மின் படம் ஒன்றை இங்கே போடுங்கள், திரை எத்தனை பிக்சல், விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் 100 சதவீதமா 125ஆ என்பதையும் சொல்லுங்கள். 125ல் இருந்தால் நான் மேலே சொன்ன பேடிங் அளவுகள் மாறும். மாற்றுவதைச் சம்பா அறுவடைக்கு முன்னாலேயே செய்து, மாமாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் பழக விடுங்கள். தை பிறந்து லாரிகள் சாலை வரை வரிசை கட்டிவிட்டால், ஒரு பட்டனைக்கூட அரை அங்குலம் நகர்த்தாதீர்கள். மிச்சத்தைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.